ஏழாம் குழியருகே நின்றவன்

என் ஓரகத்திக்குக் கூடப்பிறந்த தம்பி ஒருவன் உண்டு. அவளும் நானும் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் என்பதால் எனக்கும் அவன் தம்பி முறைதான். எங்கள் வீட்டில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லிஃப்ட்டு என்போம். ஒன்பது மாடிக் கட்டிடம் ஒன்றில் இருபத்து நாலு வருஷம் லிஃப்ட் ஓட்டினான். ஓட்டினான் என்று சொன்னால் அவன் பெண்சாதிக்குப் பிடிக்காது.

"ஓட்டறதாம் ஓட்டறது! மேல போயிட்டுக் கீழ வர்றதுக்குப் பேரு ஓட்டறதா? ஒரு ஊருக்காவது போய்ச் சேந்திருக்காரா?" என்பாள்.

உட்கார ஒரு ஸ்டூல் கொடுத்திருந்தார்கள். அவன் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் ஒரு ஆள் நிற்கிற இடம் போய்விடும் என்பான். மூலையில் நிற்பான். எப்படி நிற்பான் என்றால், கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு மனுஷன் இருக்கிறான் என்பதே மற்றவர்களுக்கு மறந்து போகும். அதனால் லிஃப்ட்டுக்குள் எல்லாரும் எல்லாம் பேசினார்கள். யார் யாரை ஏமாற்றுகிறார்கள், எந்தக் கல்யாணம் நிற்கப் போகிறது, எந்தக் கூட்டாளி கழன்று கொள்ளப் போகிறான், எல்லாம் அவனுக்குத் தெரியும். ஒன்றும் வெளியே வராது. அவன் பெண்சாதிக்கு இதில் தீராத மனக்குறை.

"இருபத்து நாலு வருஷத்துல ஒரு நல்ல வம்பு வீட்டுக்குக் கொண்டு வந்ததில்ல அண்ணி. கல்லைக் கட்டிக்கிட்டிருந்தாலாவது துணி துவைச்சிருக்கலாம்."

நானும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். அந்தக் கட்டிடத்தில் எங்கள் தூரத்துச் சொந்தம் ஒருத்தி கணக்கு எழுதிக் கொண்டிருந்தாள். அவள் மதியத்தில் எந்த மாடிக்குப் போகிறாள் என்று எங்களுக்கெல்லாம் ஒரு கேள்வி இருந்தது. அவன் சொன்னான்: "அவங்க இறங்கற மாடி அவங்களுக்குச் சொந்தம் அக்கா. அவங்களே கேட்டாச் சொல்லுவேன். அடுத்தவங்க கேட்டாச் சொல்லக் கூடாது."

"அவளே எதுக்குடா கேக்கப் போறா?"

"கேக்கறவங்க இருக்காங்க. ஒரு வக்கீல் தினமும் சாயங்காலம் வந்து, காலையில நான் எந்த மாடியில இறங்கினேன்னு கேப்பாரு. குடையை அங்க வச்சிருப்பாரு. அவருக்குச் சொல்லுவேன்."

இன்னொரு குணமும் உண்டு. யாரையும் நகரச் சொல்ல மாட்டான். பொத்தானை மறைத்துக் கொண்டு ஒருத்தர் நின்றால், அவராக விலகும் வரை நிற்பான். லிஃப்ட்டும் நிற்கும். அவன் கல்யாணத்தில் பெண்ணின் பெரியப்பா மணவறைக்குப் போகிற வழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை அவர் பின்னால் போய் நின்று கொண்டது. என் மாமியார் பார்த்துவிட்டுப் பெரியப்பாவை நாற்காலியோடு இழுத்த பிறகுதான் கல்யாணம் நடந்தது.

பிறகு அந்தக் கட்டிடத்துக்குப் புது லிஃப்ட் வந்தது. அதுவே பேசும். எத்தனாவது மாடி என்று ஒரு பெண் குரல் சொல்லும். அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் கிடையாது. வேலையோடு கீழ்த்தளத்தில் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். வேலை போனதும் அதையும் காலி செய்யச் சொன்னார்கள். ஐம்பத்து மூணு வயசில் பெட்டியைத் தூக்கிக் கொண்டு புருஷனும் பெண்சாதியும் மகள் வீட்டுக்கு வந்தார்கள்.

மாப்பிள்ளைக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. தங்கமான பையன். ஒரு வார்த்தை முகம் கோணிப் பேசியதில்லை. அதுதான் கஷ்டம். ஒரு ஹால், ஒரு உள்ளறை. உள்ளறையில் மகளும் அவள் அம்மாவும் பேத்தியும். ஹாலில் ஆண்கள். மாப்பிள்ளை கடை சாத்திவிட்டு வந்து, சோபாவில் காலை நீட்டி டிவி பார்ப்பார். அந்த சோபாதான் மாமனாருக்குப் படுக்கை. இவன் சமையலறை வாசலில் ஒரு ஓரமாக நிற்பான்.

"ஏன் மாமா நிக்கறீங்க? உக்காருங்களேன்."

"பரவால்ல மாப்பிள்ளை. எனக்கு நின்னு பழக்கம்."

மாப்பிள்ளையும் மரியாதை தெரிந்தவர். மாமா நிற்கிறாரே என்று எழுந்து நிற்பார். இரண்டு பேரும் நின்று கொண்டே செய்தி பார்ப்பார்கள். மகள் இதைப் பார்த்துப் பார்த்து எட்டு மாசத்தில் மெலிந்து போனாள்.

ஆக, அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். ஒரு வேலை, அதோடு ஒரு அறை. அறை சின்னதாக இருந்தாலும் சரி, மாப்பிள்ளை இல்லாத அறையாக இருக்க வேண்டும்.

ஒன்பது கட்டிடத்தில் ஏறி இறங்கினான். எல்லா லிஃப்ட்டும் பேசியது. ஒருநாள் காலை சோபாவில் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் கிடந்தது. கோல்ஃப் கிளப்பில் சீசன் வேலைக்கு ஆள் தேவை, முன் அனுபவம் வேண்டியதில்லை.

"சும்மா கண்ணுல பட்டுது மாமா. உங்களுக்குன்னு எடுத்து வைக்கல," என்றார் மாப்பிள்ளை. சொல்லிவிட்டு ஷூவைத் துடைக்கத் தொடங்கினார். ஏற்கெனவே துடைத்த ஷூ.

அன்றைக்குச் சனிக்கிழமை. அப்போதே கிளம்பிப் போனான். வாசலில் கார் காராக வந்து கொண்டிருந்தது. இவன் கேட்டுக்குப் பக்கத்தில், போகிற வருகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் நின்றான். நாலு மணி நேரம். கேட்காரர் சாப்பிட்டுவிட்டு வந்து பல் குத்தும்போதுதான் பார்த்தார்.

"யாருய்யா நீ? எப்ப வந்தே?"

"காலையில. வேலைக்கு."

"சனி ஞாயிறு மெம்பருங்க ஆடற நாள். அன்னிக்கு எவன் நின்னு உன்கிட்டப் பேசுவான்? வேலை கேக்கறவன் செவ்வாய்க்கிழமை காலையில வரணும். அதுவும் சீசன் ஆரம்பிக்க ஒரு மாசம் முன்னாடி வரணும். நீ மூணு வாரம் லேட்டு."

"அப்ப கிடைக்காதா?"

"வா வா. இதுக்குள்ள பாதிப் பேரு ஓடிப் போயிருப்பான். வெயிலு."

செவ்வாய்க்கிழமை போனான். ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். முன்பு பார்த்த வேலை, லிஃப்ட். விலகிய காரணம் என்ற இடத்தில், லிஃப்ட் பேச ஆரம்பித்துவிட்டது என்று எழுதினான். புல்வெளி முழுவதும் ஒரு அம்மாவின் பொறுப்பில் இருந்தது. நாற்பது வயசு, வெயிலில் காய்ந்த முகம், இடுப்பில் சாவிக் கொத்து. எல்லாரும் மேஸ்திரியம்மா என்பார்கள். அவர் ஃபாரத்தை இரண்டு தடவை படித்தார்.

"என்ன வேலை தெரியும்?"

"லிஃப்ட்டும்மா."

"இங்க லிஃப்ட்டு கிடையாது. எல்லாம் தரைதான்."

"வரும்போதே பாத்தேம்மா."

"வேற என்ன தெரியும்?"

"நிப்பேன்."

"எவ்வளவு நேரம்?"

"இருபத்து நாலு வருஷம்."

மேஸ்திரியம்மா சிரிக்கவில்லை. "பந்து பொறுக்கறது இருக்கு, வண்டி கழுவறது இருக்கு, ஷூ துடைக்கறது, தட்டு கழுவறது, மணல் சீவறது. இதுல எது வேணும்?" என்று கேட்டார்.

"எது மிச்சமோ அது."

இந்தப் பதில்தான் வேலை வாங்கிக் கொடுத்தது என்று பிற்பாடு அந்த அம்மாவே சொன்னாராம். மற்றவர்களெல்லாம் நிழலில் என்ன வேலை இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள்.

சீசன் ஏழு மாசம். மீதி ஐந்து மாசம் புல் ஓய்வெடுக்கும். புல் ஓய்வெடுத்தால் சீசன் ஆட்களும் ஓய்வெடுக்க வேண்டியதுதான், சம்பளமில்லாமல். மொத்தம் ஏழு பேரைச் சேர்த்தார்கள். முதல் மாசம் பந்து பொறுக்கினான். உறுப்பினர்கள் வரிசையாக நின்று பந்து அடித்துப் பழகுகிற மைதானம் ஒன்று உண்டு. அதில் கம்பி வலை போட்ட சின்ன வண்டியில் போய், விழுந்த பந்தையெல்லாம் அள்ள வேண்டும். வண்டி எதிரே வந்தால் அவர்கள் அடிப்பதை நிறுத்த மாட்டார்கள். வண்டியைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். பட்டால் ஒரு சத்தம், தூரத்தில் ஒரு சிரிப்பு. இவன் அதற்கும் வண்டியை ஓரம் கட்டி, அவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருப்பான். முடிப்பார்களா?

அடுத்த மாசம் மணல் குழியைச் சீவுகிற வேலை. அதற்கடுத்து, குழி வெட்டுகிறவன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, அந்த வேலை இவன் கைக்கு வந்தது.

குழி வெட்டுவது என்றால் என்ன என்று நானும் கேட்டுத்தான் தெரிந்து கொண்டேன். அந்த விளையாட்டில் பதினெட்டு இடத்தில் கம்பளம் மாதிரிப் புல் வளர்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு குழி, குழிக்குள் வெள்ளை டப்பா, அதில் ஒரு கொடி. பந்தை அடித்து அடித்துக் கடைசியில் அந்தக் குழியில் போட வேண்டும். கம்மி அடியில் போட்டவர் ஜெயித்தவர். ஒரே இடத்தில் குழி இருந்தால் சுற்றிலும் மிதிபட்டுப் புல் செத்துவிடும். அதனால் தினமும் விடியும்போது குழியை இடம் மாற்றுவார்கள். கைப்பிடி வைத்த ஒரு இரும்புக் குழாயை அழுத்தித் திருகினால் மண்ணும் புல்லுமாக ஒரு உருளை வெளியே வரும். அது புதுக் குழி. அந்த உருளையைக் கொண்டுபோய்ப் பழைய குழியில் இறக்கிவிட்டால் பழைய குழி இருந்த சுவடே தெரியக் கூடாது. ஒரு நூல் மேடாக இருந்தாலும் பந்து துள்ளும், ஒரு நூல் பள்ளமானாலும் வளையும்.

இதில் இவன் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான். அவன் கட்டிடத்தில் முதல் பதினாறு வருஷம் இருந்தது பழைய லிஃப்ட், கைப்பிடியைத் திருப்பி நிறுத்துவது. மாடித் தரையும் லிஃப்ட் தரையும் சமமாக நின்றால்தான் ஆள் தடுக்காமல் இறங்குவார். பதினாறு வருஷம் ஒரு ஆளும் தடுக்கவில்லை. அதே கைதான். உருளையை இறக்கி, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, எடுத்து, ஒரு சிட்டிகை மண் போட்டு, மறுபடி இறக்குவான். மேஸ்திரியம்மா வந்து காலால் தடவித் தேடுவார். பழைய குழி எங்கே இருந்தது என்று அவருக்கே கிடைக்காது.

பகலில் ஆட்டம் நடக்கும்போது கொடியைப் பிடித்து நிற்கிற வேலையும் அவனுக்கே வந்தது. ஒருத்தர் குழியைக் குறிவைத்துக் குனிந்திருக்கும்போது பக்கத்தில் நிற்கிறவன் அசையக் கூடாது, இருமக் கூடாது, நிழல் விழக் கூடாது. இவனுக்கு இது சொந்த ஊர் மாதிரி. ஒரு உறுப்பினர் ஈரத் துண்டை அவன் தோளில் போட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து எடுக்கும்போதுதான் அது கம்பம் இல்லை என்று தெரிந்ததாம்.

அந்த வருஷத்தோடு கிளப்பின் நிரந்தர ஆள் ஒருத்தர் ஓய்வு பெறுவதாக இருந்தது. சாமான் கொட்டகைக்குப் பின்னால் அவருக்கு ஒரு அறை. ஒரு ஜன்னல், வெளியே குழாய், மூலையில் சமைக்க ஒரு மேடை. அவர் போனதும் ஏழு சீசன் ஆட்களில் ஒருத்தருக்கு அந்த வேலையும் அந்த அறையும். மேஸ்திரியம்மா பெயர் எழுதிக் கொடுப்பார், கிளப் தலைவர் கையெழுத்துப் போடுவார். யார் பெயர் என்று அந்த அம்மா வாயால் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் இவனிடம், "உங்க வீட்டுக்காரம்மாவுக்கு எலின்னா பயமா? அந்த அறையில எலி உண்டு," என்று கேட்டார்.

மறுநாள் அவன் பெண்சாதி சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கிற சாக்கில் கிளம்பி வந்துவிட்டாள். அவன் கையில் ஏற்கெனவே ஒரு டப்பா இருந்தது. நேரே கொட்டகைக்குப் பின்னால் போய், ஜன்னலை வெளியிலிருந்தே சாணால் அளந்தாள். அகலம் நாலு சாணுக்குக் கொஞ்சம் குறை, உயரம் ஐந்து சாண். அன்றைக்கே திரைத்துணி வெட்டிவிட்டாள்.

"எலி இருக்காம்," என்றான்.

"எலி சோபாவுல காலை நீட்டாதில்ல?" என்றாள்.

சீசன் முடிய ஒரு வாரம் இருக்கும்போது கோப்பைப் போட்டி. வருஷத்துக்கு ஒன்று. அன்றைக்கு எல்லாக் குழிக்கும் புது டப்பா, புதுக் கொடித்துணி. முதல் அணி ஆறரைக்குத் தொடங்கும். அதற்குள் பதினெட்டுக் குழியும் மாற்றிவிட வேண்டும். மணி அடித்ததும் வேலையாள் ஒருத்தரும் புல்லில் தெரியக் கூடாது, கொட்டகைக்குப் போய்விட வேண்டும். நாலரைக்கே ஆரம்பித்தான். ஆறு குழி முடித்து ஏழாவதுக்கு வந்தபோது லேசாக வெளிச்சம். புல்லெல்லாம் பனி.

ஏழாம் குழிக்குப் பின்னால் ஒரு வேலி, வேலிக்குப் பின்னால் கிளப் தலைவரின் வீடு. வேலியில் அவருக்கென்று ஒரு சின்ன கேட். தலைவர் வீட்டுச் செருப்போடு வந்து நின்று, பழைய குழியில் பந்து தள்ளிப் பழகிக் கொண்டிருந்தார். கொடியைப் பிடுங்கித் தரையில் படுக்க வைத்திருந்தார். பந்து பந்தாகத் தள்ளுகிறார். பனியில் கோடு கோடாக விழுகிறது. ஆட்டத்தன்று விடியலில் ஆட்டக்காரர் யாரும் அந்தப் புல்லில் பழகக் கூடாது. அது விதி. விதிப் பலகையில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருப்பதே தலைவர்தான்.

இவன் பத்தடி தள்ளிப் புதுக் குழியை வெட்டினான். புது டப்பாவை இறக்கினான். படுத்திருந்த கொடியை எடுத்து வந்து நட்டான். தலைவர் நிமிரவே இல்லை. இனி பழைய குழியிலிருந்து டப்பாவை எடுத்து, கையில் இருக்கிற உருளையை இறக்கினால் முடிந்தது. அதற்குத் தலைவர் நகர வேண்டும்.

இவன் நின்றான். உருளையைக் கையில் ஏந்திக் கொண்டு, எட்டடி தூரத்தில், இருபது நிமிஷம் நின்றான்.

இன்னும் பதினோரு குழி கிடந்தது. உருளையை வாளியில் வைத்துக் கொண்டு, முடித்துவிட்டுத் திரும்பி வரலாம் என்று எட்டாவதுக்குப் போனான். பதினெட்டாவது முடியும்போது மணி அடித்துவிட்டது. கொட்டகைக்கு வந்தான். வாளியில் ஒரு உருளை மீந்திருந்தது.

சரி, மேஸ்திரியம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று போனான். அந்த அம்மா கிளப் செயலாளரோடு பந்தல் எங்கே, நாற்காலி எத்தனை என்று பேசிக் கொண்டிருந்தார். பேச்சு முடியட்டும் என்று பக்கத்தில் நின்றான். பேச்சு முடிகிற பேச்சாக இல்லை.

முதல் அணியில் ஒரு பல் டாக்டரம்மா. பதினோரு வருஷமாக அந்தக் கோப்பையில் இரண்டாவதாக வருகிறவர். ஏழாவதில் அவர் தள்ளிய பந்து புல்லில் நெடுந்தூரம் ஓடி, சரிவில் வளைந்து, அழகாக ஒரு குழியில் விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அப்புறம் பார்த்தால் கொடி வேறு இடத்தில் நிற்கிறது.

நடுவர் ஓடி வந்தார், புத்தகத்தைப் புரட்டினார். "இது குழி இல்லை டாக்டர். இது தரையில இருக்கிற ஒரு ஓட்டை" என்றார்.

"டப்பா இருக்கு. பந்து உள்ள இருக்கு. பின்ன இது என்ன, சொத்தைப் பல்லா?"

"கொடி இருக்கிறதுதான் குழி. பந்தை எடுத்து வெளிய வச்சுத் திரும்ப ஆடணும்."

திரும்ப ஆடியதில் இரண்டு அடி கூடிவிட்டது. மேஸ்திரியம்மா ஓடிப் போய் ஓட்டையை அடைத்தார். சாயங்காலம் கணக்குப் பார்த்தால் தலைவருக்கு எழுபத்தொன்பது, டாக்டரம்மாவுக்கு எண்பது. கோப்பை தலைவருக்கு. டாக்டரம்மா எழுந்து, "அந்த ஓட்டை எப்படி வந்ததுன்னு தெரியாம நான் இந்த இடத்தை விட்டு எழுந்திரிக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். கோப்பையை மேசை மேலேயே வைத்துவிட்டு விசாரணைக்கு ஏற்பாடு செய்தார்கள்.

மேஸ்திரியம்மா இவனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக் கொண்டு போனார்.

"மறந்துட்டேன்னு சொல்லு. ஒரே வார்த்தை. மறதிக்கு ஒரு திட்டு விழும், அவ்வளவுதான். அந்த அறைக்கு உன் பேரைத்தான் எழுதி வச்சிருக்கேன், கேட்டியா?"

"மறக்கலையேம்மா."

"பின்ன ஏன் அடைக்கல?"

"ஆள் நின்னாங்க."

"யாரு?"

அவன் தொட்டி விளிம்பில் தேங்கிய தண்ணீரைக் கையால் வழித்து விட்டான். மேஸ்திரியம்மாவுக்குத் தலையில் அடித்துக் கொள்ளலாம் போல இருந்ததாம். "பெண்சாதி திரைத்துணி தைச்சு வச்சிருக்காளாமே, கேட்காரர் சொன்னாரு. அதையாவது நினைச்சுப் பாரு," என்றார்.

நினைத்துத்தான் பார்த்திருக்கிறான். என்னிடம் சொன்னான்: "மறந்துட்டேன்னு சொல்ல ஒரு நிமிஷம் ஆசையாத்தான் இருந்துச்சு அக்கா. ஆனா இருபது நிமிஷம் கையில ஏந்திக்கிட்டு நின்னதை எப்படி மறந்தேன்னு சொல்றது? கை வலி அப்பவும் போகல."

நீள மேசை. நடுவில் தலைவர். ஒரு பக்கம் செயலாளர், மறுபக்கம் டாக்டரம்மா. கதவுப் பக்கம் மேஸ்திரியம்மா. இவன் மூலையில் போய் நின்றான். எங்கே அந்த ஆள் என்று செயலாளர் இரண்டு தடவை கேட்டார். இங்கதான் இருக்கான் என்று மேஸ்திரியம்மா கை காட்டினார்.

"ஏழாவதுல பழைய குழியை ஏன் அடைக்கல?" என்றார் செயலாளர்.

"ஆள் நின்னாங்க ஐயா."

"நகரச் சொல்ல வேண்டியதுதானே?"

"பழக்கமில்ல ஐயா."

"யாரு நின்னது?"

"அதை அவங்களைத்தான் கேக்கணும் ஐயா. நான் சொல்லக் கூடாது."

"நான் இந்தக் கிளப் செயலாளர்!"

"ஆமாங்கய்யா."

டாக்டரம்மா, "இவன் யாரையோ காப்பாத்தறான்," என்றார். செயலாளர் பேனாவை மூடித் திறந்தார். மேஸ்திரியம்மா கண்ணை மூடிக் கொண்டார்.

அப்போது தலைவருக்குக் கோபம் வந்தது. உண்மையான கோபம்தான். காலையில் பத்தடி தூரத்தில் ஒருத்தன் குழி வெட்டியதும், கொடியை எடுத்துப் போனதும், எட்டடியில் இருபது நிமிஷம் நின்றதும் அவருக்குத் தெரியவே தெரியாது. ஏழாவதில் அவர் ஒருத்தரையும் பார்க்கவில்லை. மேசையைத் தட்டினார்.

"இந்தா பாருப்பா. பயப்படாதே. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி, நான் பாத்துக்கறேன். விதின்னா எல்லாருக்கும் விதி. நான் கேக்கறேன், என்கிட்ட சொல்லு. யாரு நின்னது?"

இவனுக்கு நிம்மதியாகிவிட்டது. கேட்க வேண்டியவரே கேட்டுவிட்டார்.

"நீங்கதான் ஐயா," என்றான்.

தலைவர், "நானா?" என்றார்.

"ஆமாங்கய்யா. வீட்டுச் செருப்பு போட்டிருந்தீங்க. நாப்பத்தோரு பந்து. ஒன்பது உள்ள போச்சு."

செயலாளர் எழுதிக் கொண்டிருந்ததை நிறுத்தினார். பிறகு மறுபடி எழுதினார். நாற்பத்தொன்றை எழுத்தில் எழுதுவதா எண்ணில் எழுதுவதா என்று பக்கத்தில் கேட்டாராம். தலைவர் கோப்பையைப் பார்த்தார், விதிப் பலகையைப் பார்த்தார், அதன் கீழே இருந்த தன் கையெழுத்தையும் பார்த்தார். கடைசியில், "ஒன்பது இல்ல, பத்து," என்றார்.

"ஒண்ணு ஓரத்துல சுத்திட்டு வெளிய வந்துடுச்சு ஐயா."

விதிப்படி அவருக்கு இரண்டு அடி தண்டனை. எண்பத்தொன்று. பன்னிரண்டாவது வருஷத்தில் கோப்பை டாக்டரம்மா வீட்டுக்குப் போனது.

சீசன் முடிந்தது. ஏழு பேரும் சட்டையையும் தொப்பியையும் துவைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். இவனிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்காரர் மட்டும், "நல்லா வாய் திறந்தே போ," என்றார். நடந்ததைப் பெண்சாதியிடம் வாரக் கணக்கில் சொல்லவில்லை. அவளே கேட்காரர் மூலமாகத் தெரிந்து கொண்டாள்.

"இருபத்து நாலு வருஷம் ஒரு வம்பு சொல்லாத மனுஷன், சொன்னதுதான் சொன்னாரு, அவங்ககிட்டயே போய்ச் சொல்லியிருக்காரு அண்ணி!" என்று என்னிடம் அழுதாள். அழுதபடியே திரைத்துணியை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

மூன்று வாரம் மறுபடி சமையலறை வாசல். மாப்பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை. நோட்டீஸ் எதுவும் தலையணைப் பக்கம் வரவில்லை. அதுதான் இவனுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. நின்று கொண்டே செய்தி பார்த்தார்கள்.

நாலாவது வாரம் மேஸ்திரியம்மா நேரில் வந்துவிட்டார், கையில் ஒரு காகிதத்தோடு. தலைவர் மேசையில் அவர் இதை வைத்தபோது நடந்ததைச் சொன்னார். தலைவர் ரொம்ப நேரம் காகிதத்தைப் பார்த்தாராம். "கையெழுத்துப் போடலேன்னா கோப்பை போன கோபம்னு பேசுவாங்க. போட்டா அவனுக்குப் பயந்துட்டேன்னு பேசுவாங்க. ரெண்டுக்கும் பேசத்தானே போறாங்க. பேனா எங்க?" என்றாராம். அழுத்திப் போட்டிருந்தார். காகிதத்தின் பின்பக்கம் தடவினால் கையெழுத்து தெரிந்தது.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கடைசியில ஒரு வரி சேக்கச் சொல்லிட்டாரு. படிங்க," என்றார் மேஸ்திரியம்மா.

மகள் படித்தாள். கடைசி வரி இது: பணி நேரத்தில் இவருக்கு இடைஞ்சலாக நிற்கும் எவரையும், தலைவர் உட்பட, நகரச் சொல்ல இவருக்கு அதிகாரம் உண்டு, நகரச் சொல்லாதது குற்றமாகக் கருதப்படும்.

"குற்றமா?" என்றான் இவன். முகம் வெளுத்துவிட்டது.

அன்றிலிருந்து அவன் பெண்சாதி அவனைப் பழக்கினாள். போகிற வழியில் முறத்தோடு உட்கார்ந்து கொள்வாள். "சொல்லுங்க" என்பாள். இவன் நிற்பான். "கொஞ்சம்" வரைக்கும் வரும். அதற்கு மேல் வராது. பேத்திதான் பின்னாலிருந்து முடித்து வைப்பாள்.

மாசக் கடைசியில் அந்த அறைக்குக் குடி போனார்கள். மகளும் மாப்பிள்ளையும் சாமான் கொண்டு வந்து இறக்கினார்கள். நானும் போயிருந்தேன். அறை, சொன்ன மாதிரியே சின்னது. கட்டிலும் பெட்டியும் போட்டதும் நடுவில் ஒரு ஆள் நிற்க மட்டும் இடம் மிச்சம். அந்த இடத்தில் மாப்பிள்ளை நின்றார். புது ஜன்னல் திரையைப் பார்த்து நல்லா இருக்கு என்றார். மேடையைப் பார்த்து நல்லா இருக்கு என்றார். மாமனார் நிற்பதைப் பார்த்து உட்காரச் சொல்ல வாயெடுத்தார், உட்கார இடமில்லை.

இவன் கதவருகே இரண்டு கையிலும் மண்ணெண்ணெய் அடுப்பை ஏந்திக் கொண்டு நின்றான். மேடைக்குப் போக வேண்டும். வழியில் மாப்பிள்ளை. எனக்கு அந்த ஏழாவது குழிதான் நினைவுக்கு வந்தது. அவன் பெண்சாதி கட்டில் மேலிருந்து அவன் வாயையே பார்த்தாள். ஒரு நிமிஷம் போயிருக்கும், இரண்டும் போயிருக்கும். அடுப்பு கனம்.

"கொஞ்சம் நகருங்க மாப்பிள்ளை," என்றான்.

மாப்பிள்ளை சட்டென்று நகர்ந்தார். அறையில் நகர இடமில்லாததால் வாசலுக்கு வெளியே போய் நின்றார்.